அரக்கு வைத்த நாற்பத்தாறாம் பக்கம்

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் வந்துவிடும், நீராவிக் கலன் கையேட்டுக் கழகம். பாய்லரை எப்படிப் பற்றவைப்பது, எப்படி அணைப்பது, அது முறைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றெல்லாம் புத்தகம் போடுவது கழகத்தின் வேலை. லாண்டரி, சாயப்பட்டறை, சோப்புக் கம்பெனி என்று நீராவி உள்ள இடத்திலெல்லாம் அந்தப் புத்தகம் ஆணியில் தொங்க வேண்டும் என்பது விதி. பல காலம் தொங்கியது. பாய்லர்களும் தம்பாட்டுக்கு ஓடின. இப்படியே விட்டால் கழகம் எதற்கு என்று மேலிடத்தில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், கையேடுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றுவது என்று முடிவானது.

முடிவான அன்றே ஒரு சுற்றறிக்கை. ஒரே ஆவணம் இரண்டு வடிவங்களில் இருந்தால் எது மூலம் எது நகல் என்ற குழப்பம் வரும். ஆகவே அச்சுப் புத்தகங்கள் உடனடியாகத் திரும்பப் பெறப்படும். கழகத்தின் ஜீப் ஊரெல்லாம் சுற்றியது. ஆணிகளிலிருந்து புத்தகங்களைக் கழற்றிக்கொண்டு, அதே ஆணியில் இணைய முகவரி அச்சடித்த அட்டை ஒன்றை மாட்டிவிட்டு வந்தது. புத்தகங்கள் கூழுக்குப் போயின. அதற்குப் பிறகுதான், ஏற்றுவதென்றால் எதில் ஏற்றுவது என்ற கேள்வி ஒருவருக்குத் தோன்றியது.

கேள்வி நியாயமானதுதான். கையேடு இருந்தால் மட்டும் போதாது. வெளியே ஒருவன் போனைத் தட்டி இன்ன பக்கம் வேண்டும் என்று கேட்டால், அதை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். சர்வர் மென்பொருள் என்பார்கள். ஓட்டலில் சப்ளையர் மாதிரி. நல்ல சப்ளையர்கள் உலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறார்கள். காலையில் வேலைக்கு வைத்தால் மத்தியானம் பரிமாறிவிடுவார்கள். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை அப்படியே எடுத்துக்கொள்வது அரசாங்கத்துக்கு அழகில்லை. கழகம் தேர்வுக் குழு அமைத்தது.

சஃபீனா ஒப்பந்த வேலையில் சேர்ந்தபோது அந்தக் குழு இரண்டு ஆயுத பூஜைகளைக் கண்டிருந்தது. தாராவிப் பெண். கையேட்டுப் பக்கங்களை இணையத்துக்குத் தோதாக ஒழுங்குபடுத்தி வைப்பது அவள் வேலை. ஏற்றுவது அவள் வேலையில்லை. அது யாருடைய வேலை என்பது மென்பொருள் தேர்வான பிறகு தீர்மானிக்கப்படும்.

அவளுடைய காக்கா முகைதீன் தேவ்நாரில் ஒரு லாண்டரியில் பாய்லர் பார்க்கிறான். காக்கா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன். ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கிற லாண்டரி அது. முதலாளி கிருஷ்ணா, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். இரண்டாவது வாஷிங் மெஷின் வாங்கியதும் கிருஷ்ணா சேட் ஆகிவிட்டார். ஆணியிலிருந்து புத்தகம் போன நாள் முதல் முகைதீனுக்கு நிம்மதி போயிற்று.

"அந்தப் புத்தகம் நான் படிக்கதுக்கு இல்ல புள்ள, சேட்டுக்குக் காட்டதுக்கு" என்றான் தங்கையிடம். "பாய்லர்ல தண்ணி கொறஞ்சிட்டுன்னா பர்னரை அணைச்சிரணும். அணைச்சா அன்னைக்கு வேலை படுத்துரும். சேட்டு விடுவாரா? நான் சொன்னா 'பயந்தாங்கொள்ளிப் பயலே'ம்பாரு. நாப்பத்தாறாம் பக்கத்தத் திருப்பி மூஞ்சிக்கு நேரே காட்டுனா வாய மூடிக்கிடுவாரு. இப்ப அட்டையைக் காட்டுனா சிரிக்காரு."

"சீக்கிரம் நெட்ல வந்துரும் காக்கா. நாந்தான் அதை ரெடி பண்ணுதேன்."

அவள் மனதாரத்தான் சொன்னாள்.

கழகத்தின் கூட்டங்கள் இங்கிலீஷில் நடக்கும். சண்டை வந்தால் ஹிந்தி. டீ வந்தால் தமிழ். முக்கியமான முடிவுகளெல்லாம் டீ நேரத்தில்தான் எடுக்கப்பட்டன என்பதால் சஃபீனாவுக்கு எல்லாமே தெளிவாகப் புரிந்தது. புரிந்த பிறகு ஏற்பட்ட திகைப்புதான் கடைசி வரை போகவில்லை. குழுத் தலைவர் டைரக்டர் நாகராஜ், மாட்டுங்காவில் தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் போகிற குடும்பம். கம்ப்யூட்டர் பிரிவின் வெங்கி அவருக்கு அடுத்த தெரு. கீதா மேடம் நடைமுறை அதிகாரி. எதையும் செய்ய முடியாது என்பதற்கான விதி எண் அவருக்கு மனப்பாடம்.

போட்டியில் ஆறு மென்பொருள்கள் இருந்தன. பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக அவற்றின் சொந்தப் பெயர்கள் மறைக்கப்பட்டு ரயில் நிலையங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. பரேல், தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, வித்யாவிகார். மாட்டுங்கா ஆரம்பத்திலிருந்தே முன்னணியில் இருந்தது. அது ஒரு தடவைகூட ஓடியதை சஃபீனா பார்த்ததில்லை. "ஓடலைன்னா என்ன, அதுகிட்ட ஒரு நிதானம் இருக்கு" என்றார் வெங்கி. செம்பூரில் குடியிருக்கும் ஊழியர்கள், தங்கள் ஹார்பர் லைன் ரயில் பாதையில் குர்லாவைத் தாண்டி ஒரு ஸ்டேஷன்கூட இல்லையே என்று கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். அதை விசாரிக்கத் துணைக்குழு போடப்பட்டது. துணைக்குழு, இன்றுவரை, விசாரித்துக்கொண்டிருக்கிறது.

ஆறையும் ஒரே அளவுகோலில் அளக்க ஒரு மாதிரிப் பக்கம் வேண்டும். அட்டவணை, படம், சிவப்புத் தலைப்பு மூன்றும் சேர்ந்த பக்கம் கையேட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாற்பத்தாறாம் பக்கம். பாய்லரின் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பது. கூழுக்குப் போகாமல் கழகத்திடம் இருந்த ஒற்றைப் பிரதியை ஒரு கான்ட்ராக்டர் ஸ்கேன் செய்து கொடுத்தார். அந்த பென் டிரைவைத் துணிப்பையில் போட்டு, சணல் கட்டி, நாகராஜ் தன் கையாலேயே அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். ஒவ்வொரு மென்பொருளின் முறை வரும்போதும், உள்ளே பென் டிரைவ் மாறவில்லை என்று பையைத் தடவிப் பார்த்துக் குழு கையெழுத்துப் போடும். பரிசோதனைக்கு அதன் நகல் முதலிலேயே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த நகலைத் திறந்த சஃபீனா முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். புத்தகத்தில் அந்தப் பக்கம் இரண்டு பத்தியாக இருக்கும். இடது பக்கம் செய்ய வேண்டியவை: பர்னரை நிறுத்துதல், ஆட்களை வெளியேற்றுதல், தானாக ஆறவிடுதல். வலது பக்கம் செய்யக் கூடாதவை: பம்பை ஓட்டித் தண்ணீர் ஏற்றுதல், வால்வைப் பிடித்து இழுத்தல், வேலையைத் தொடர்தல். கான்ட்ராக்டரின் மெஷின் நடுக்கோட்டைக் கவனிக்கவில்லை. வலதை முதலிலும் இடதைப் பின்னாலும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தலைப்பாகச் சிவப்பில் 'செய்ய வேண்டியவை' என்று போட்டு, வரிசையாக எண்ணும் கொடுத்துவிட்டது. முதல் வரியே பம்பு. கொதித்துக் காய்ந்து கிடக்கிற பாய்லருக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்று காக்கா அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

அவள் வெங்கியிடம் ஓடினாள். "சார், செய்யக் கூடாததையெல்லாம் செய்யச் சொல்லுது சார் இந்தப் பக்கம்."

வெங்கி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா, கலந்துடுத்து. ஆனா ஒண்ணு கவனிச்சியா? பரேலும் சரி, தாதரும் சரி, ஒரு எழுத்து பிசகாம அப்படியே காட்டறது. சர்வீஸ் பக்கா."

கீதா மேடம் இன்னும் தெளிவாகச் சொன்னார். "மாதிரியைத் திருத்தணும்னா அரக்கை உடைக்கணும். அரக்கை உடைச்சா பரேல்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும். அந்தப் பொறுப்பை யார் ஏத்துப்பாங்க? நீ ஏத்துக்கலாம்னா, உன் கான்ட்ராக்ட்ல பொறுப்பு ஏத்துக்கிற வசதியே கிடையாதும்மா."

டைரக்டர் அறைக்குப் போனாள். நாகராஜ் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். பிஸ்கட் கூடக் கொடுத்தார்.

"பாரும்மா, ஒருத்தருக்குச் சரியா, இன்னொருத்தருக்குத் தப்பா இருந்தாத்தான் அது தப்பு. ஆறு பேருக்கும் ஒரே மாதிரி தப்பா இருந்தா அதுக்குப் பேர் தரம். நாம இங்கே பாய்லரைப் பரீட்சை பண்ணலை. மென்பொருளைப் பரீட்சை பண்றோம். பாய்லர் வெடிக்கிறது பாய்லரோட குணம். அதுல நாம தலையிடப்படாது."

"யாராவது அதைப் படிச்சிட்டாங்கன்னா சார்?"

"யாரும் படிக்க மாட்டா. நம்ம பக்கத்தை இதுவரைக்கும் யாரு படிச்சிருக்கா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது.

அந்த வருத்தம்தான் வினையாயிற்று. அடுத்த கூட்டத்தில் நாகராஜ், வாசகர் வருகைக்குத் தனியாக மார்க் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பரிசோதனை சர்வர், அதிலிருந்த நாற்பத்தாறாம் பக்கத்தோடு, வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது சயானின் முறை. கூட்ட அறைச் சுவரில் பெரிய திரை ஒன்று வந்தது. எந்தப் பேட்டையிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று அதில் ஓடும். பல நாள் வரைக்கும் அதில் ஓடியது நாகராஜின் சொந்தப் போன் மட்டும்தான்.

அதே சமயம் பிழைப்பக்கத் துணைக்குழுவும் மும்முரமாக இருந்தது. கேட்ட பக்கம் கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாக வருகிற பக்கம் அது. கையேடு ஒன்றுகூட ஏறாத நிலையில் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்க்கப்போகிறார்கள் என்பதால் அதில் மிகுந்த கவனம் செலுத்தப்பட்டது. மூன்று மொழி. நாகராஜ் கை கூப்பிச் சிரிக்கிற போட்டோ. கீழே ஒரு வாசகம்: 'நீங்கள் தேடும் தகவல் எங்களிடம் பத்திரமாக உள்ளது.' கழகத்தின் வரலாற்றில் குறித்த காலத்தில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகைதீன் தாராவி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. போனை எடுத்துக் காட்டினான். நாற்பத்தாறாம் பக்கம். கோவண்டி, தேவ்நார், மான்கூர்த் பாய்லர்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். புத்தகம் போன பிறகு காத்துக் கிடந்தவர்கள். கழகத்தின் முத்திரையைப் பார்த்ததும் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

"சேட்டு இதைப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் பண்ணி, பாய்லருக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டாரு. மொத வரி பம்பு. பர்னரை நிறுத்தது நாலாவது. மொத வரியிலேயே சோலி முடிஞ்சா நாலாவது வரி எதுக்குடாங்காரு. எனக்குப் பயமா இருக்கு புள்ள. இது நெசமா உங்க ஆபீஸ் போட்டதா?"

"தப்பாப் போட்டிருக்காங்க காக்கா. கிழிச்சுப் போடு."

"நான் கிழிச்சா என்னையக் கிழிச்சிருவாரு. ஆபீஸ் மாத்துனாத்தான் அவரு நம்புவாரு. மாத்த வையி."

அவள் அன்றைக்கு அழுதாள். மறுநாள் நாகராஜின் அறை வாசலில் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். அவர் வெளியே வரும்போதெல்லாம் நின்றாள். ஒரு பெண் இப்படி வாசலில் நிற்பது பார்ப்பவர்களுக்கு நன்றாயிருக்காது என்று கீதா மேடம் குறிப்பு எழுதிய பிறகு நாகராஜ் இளகினார்.

"சரிம்மா. திருத்த முடியாது. ஆனா எடுத்துடலாம். எடுத்துட்டா, மாதிரிப் பக்கம் மாறினதா ஆகாது, மறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். அந்த இடத்துல பிழைப்பக்கம் வரட்டும். நல்ல பக்கம்தானே, அதையும் நாலு பேர் பார்க்கட்டும்."

பாதி வெற்றி என்று சஃபீனா நினைத்தாள். காக்காவிடம் சொன்னாள்: தப்பான பக்கத்தை எடுத்துவிட்டார்கள், சரியானது சீக்கிரம் வரும், சேட்டிடம் சொல். முகைதீன் சொன்னான். கிருஷ்ணா சேட் திறந்து பார்த்தார். சிரிக்கிற நாகராஜைப் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்ததைப் பார்த்தார். சுவரில் இருந்தது இருந்தபடியே இருந்தது.

இறுதித் தேர்வுக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடியது. தண்ணீர் பாட்டில், பூங்கொத்து, அரக்கு வைத்த துணிப்பை, எல்லாம் மேஜைமேல் இருந்தன. சஃபீனா சுவரோரம் ஸ்டூலில். வெங்கி மாட்டுங்காவின் நிதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது திரையில் ஓர் எண் அசைந்தது.

தேவ்நார். ஒரு வாசகர்.

"அட" என்றார் நாகராஜ்.

மறுபடி தேவ்நார். அதே வாசகர், அதே நாற்பத்தாறாம் பக்கம். மறுபடி. எண் ஏறிக்கொண்டே போனது. ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்கிறான். சயான் ஒவ்வொரு தடவையும் சளைக்காமல் கூப்பிய கையோடு நாகராஜைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைக்கிறது.

"பார்த்தேளா! என்ன ஒரு ஆர்வம்! ஜனங்களுக்குப் படிக்கிற பழக்கம் போயிடுத்துங்கறாளே, இதுக்கு என்ன சொல்லுவா?"

குழு கை தட்டியது.  தேவ்நாரில் அந்தப் பக்கத்தை இப்படி வெறிபிடித்தாற்போல் தட்டுகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து நின்று போனைப் போட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டதில் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சஃபீனா! கண்ணாடியில தண்ணியே தெரியல. நான் பர்னர்ல கை வைக்கப் போனா சேட்டு என்னையத் தள்ளுதாரு. பம்பைப் போடுங்காரு. நெட்ல உங்க பெரியவரு போட்டோதான் திரும்பத் திரும்ப வருது புள்ள!" பின்னால் வேறொரு குரல்: "சுவத்துல மொத வரியப் படில! ஆஸ்பத்திரிக்காரன் லோடு கேக்கான், டைம வீணாக்காத!"

"பர்னரை அணைக்கச் சொல்லு! தண்ணி விடக் கூடாது! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள் சஃபீனா.

"யாரும்மா நீ?" என்றது சேட்டின் குரல். "எழுதுனது ஒண்ணு, நீ சொல்லுதது ஒண்ணு. ஆபீசுன்னா பெரியவரைப் பேசச் சொல்லு. அவரு சொன்னா அணைக்கேன்."

சஃபீனா போனை நாகராஜின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சார். 'அணை'ன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சார்."

நாகராஜ் போனைப் பார்த்தார். கீதா மேடத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, யோசித்து, நிதானமாகத்தான் பேசினார்.

"சொல்ல எனக்கு என்னம்மா கஷ்டம்? ஆனா யோசிச்சுப் பாரு. கையேட்டுல இருக்கறதை நான் வாயால சொன்னா, கழகம் அதை வெளியிட்டதா ஆறது. எந்த மென்பொருள் வழியா வெளியிட்டதுன்னு ஆடிட்ல கேப்பா. ஆறு பேர் போட்டியில இருக்கறச்சே ஏழாவதா என் வாயை நானே தேர்வு பண்ணிண்டா அது எவ்வளவு பெரிய பாரபட்சம்? கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. இன்னைக்கு முடிவு பண்ணிடறோம்."

கீதா மேடம் ஆமோதித்துத் தலையசைத்தார்.

சஃபீனா போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அதுவரை பெரிய பொய் சொன்னதில்லை. "சேட்டு, டைரக்டர் நாகராஜ் சார் பக்கத்துலதான் இருக்காரு. அவரு உத்தரவு. பர்னரை இந்த நிமிஷமே அணைக்கணும். அணைக்கலேன்னா லைசென்ஸ் கேன்சல்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

 போனில் ஏதோ உருளுகிற சத்தம். ஆட்கள் ஓடுகிற சத்தம். அவள் அல்லாவைக் கூப்பிட்டாள், வாய்விட்டுத்தான் கூப்பிட்டாள். முகைதீனின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"அணைச்சாச்சு புள்ள. எல்லாரும் ரோட்டுல நிக்கோம்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  திரையில் தேவ்நார் நின்றுபோயிருந்தது.

"நன்னா வந்துண்டிருந்தவனைக் கெடுத்துட்டியேம்மா" என்றார் நாகராஜ், திரையைப் பார்த்து.

கீதா மேடம் அதற்குள் குற்றச்சாட்டை எழுதி முடித்து வாசித்தார். டைரக்டரின் உத்தரவைப் போலியாகக் கூறியது. ஒப்புதலில்லாத கையேட்டு உள்ளடக்கத்தை வாய்மொழியாக வெளியிட்டது. விளக்கம் கேட்கப்படுகிறது: மேற்படி உள்ளடக்கம் எந்த சர்வர் மென்பொருள் மூலம் வெளியிடப்பட்டது? சஃபீனாவிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்.

பிறகு குழு தன் வேலையைப் பார்த்தது. ஒரே வாசகர் அத்தனை தடவை இடித்தும் ஒருமுறைகூட விழாமல் நின்றது, ஒவ்வொரு தடவையும் டைரக்டரைத் தெளிவாகக் காட்டியது ஆகிய காரணங்களால் சயான் ஒருமனதாகத் தேர்வு பெற்றது. வெங்கிகூட மாட்டுங்காவைக் கைவிட்டார். அரக்குப் பைக்கு மாலை போட்டார்கள். பக்கங்களை ஏற்றுவதற்கான குழுவை அடுத்த நிதியாண்டில் அமைப்பது என்றும், அதுவரை பிழைப்பக்கம் சேவையைத் தொடரும் என்றும் தீர்மானமானது. டீ வந்தது.

டீக் கோப்பையை உதட்டில் வைத்த நாகராஜ் அப்படியே நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"கவலைப்படாதேம்மா, பாரு. இன்னொருத்தர் வந்துட்டார்."

திரையில் மான்கூர்த். ஒரு வாசகர். நாற்பத்தாறாம் பக்கம். மறுபடி மான்கூர்த். மறுபடி. மறுபடி.

சஃபீனா போனோடு எழுந்துவிட்டாள். மான்கூர்த்தில் அவளுக்கு யாரையும் தெரியாது.